முன்பணம் என்னும் தளை
(வெலிங்டனிலிருந்து ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் தோன்றியதற்குக் காரணம் கடன் என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். சிறு விவசாயியும் நெசவாளியும் லேவாதேவிக்காரரிடம் பட்ட கடனுக்கு வட்டி கட்டியே ஆயுளைக் கழித்து வந்த நிலையை மாற்றுவதற்காகவே இவ்வியக்கம் ஏற்பட்டது. சென்னை ராஜதானியில் இதற்கு அடிகோலியவர் ஸர் பிரெடெரிக் நிக்கல்சன். ஜெர்மனி முதலிய நாடுகளில் கிராமக் கடன் சங்கங்கள் நடைபெறும் விதத்தை ஆராய்ந்து, 1895ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாக அவர் அளித்த அறிக்கையின் பயனாகவே, 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழி பிறந்தது. அவ்வாண்டிலேயே திரூரில் ஒரு கடன் சங்கம் பதிவாயிற்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நிக்கல்சன், வெலிங்டனை அடுத்த நமது குன்னூரிலேயே குடியிருந்து 1936ஆம் ஆண்டில் காலமானார்.

கடன்பட்டவனை மீட்பதற்காகத் தோன்றிய இயக்கம் ஒன்று, தன் பண்டம் எந்தக் கைகளால் ஆகி வருகிறது என்பதையும் விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளது. நம் தொழிற்சாலைக்கு வரும் கொழுந்தைப் பறித்தவர் யார்? உலர்த்தும் அடுப்பில் எரியும் விறகை வெட்டியவர் யார்? நம் தறிக்கு வரும் நூலை நூற்றவர் யார்? அவர்கள் தம் விருப்பப்படி வேலையை விட்டுப் போகக் கூடியவர்களா, அல்லது யாரோ கொடுத்த ஒரு முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பவர்களா? இக்கேள்விகளை ஒவ்வொரு சங்கமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. உலகத்தார் இதனை இப்பொழுது 'நவீன அடிமைத்தனம்' என்ற பெயரால் பேசி வருகின்றனர். பெயர் புதிது, பொருள் நமக்குப் பழகியதே.

சட்டம் கூறுவது

இந்தியாவில் அடிமையுடைமைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. நமது அரசியலமைப்பின் 23ஆவது ஷரத்து, மனிதரை விலைப்பொருளாக்குவதையும், வெட்டி முதலிய கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1976ஆம் ஆண்டில் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1975 அக்டோபர் 25 முதல் அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அச்சட்டப்படி கொத்தடிமைக் கடன் யாவும் அன்றோடு தீர்ந்தது. தீர்ந்த கடனுக்காகப் பணம் வசூலிப்பதும் குற்றமே. ஒருவரைக் கொத்தடிமையாக வேலை வாங்குவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி கூறினால், 'அன்று' என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும்.

1982ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பு இங்கே கவனிக்கத்தக்கது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நடந்த கட்டட வேலைகளைப் பற்றிய அவ்வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் 23ஆவது ஷரத்தின்படி கட்டாய உழைப்பே ஆகும் என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். பசியும் வறுமையும் ஒருவனை நெருக்கி, வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு இசையச் செய்தால் அதுவும் நிர்ப்பந்தமே என்பது அத்தீர்ப்பின் சாரம். சங்கிலியும் சவுக்கும் இருந்தால்தான் அடிமைத்தனம் என்று எண்ணுவோர் இதனை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் அதனுடன் சேர்ந்த அமைப்புகளும் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். இத்தொகையைக் கேட்டுத் திகைப்பதோடு நில்லாமல், நம் மலைக்குத் திரும்பி வருவோம்.

நம் மலையின் பழைய கணக்கு

நீலகிரியில் அரசாங்கத்தார் சிங்கோனா பயிரிட்ட காலத்தில், நடுவட்டத்துத் தோட்டத்தில் சிறைக் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினர். அவர்களுள் சீனர்களும் இருந்தனர். பின்னர் காப்பியும் தேயிலையும் பெருகியபோது, சமவெளியிலிருந்து ஆள் பிடித்து வரும் பொறுப்பு கங்காணியிடமும் மேஸ்திரியிடமும் விடப்பட்டது. துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். கங்காணி பஞ்சத்தில் அடிபட்ட குடும்பங்களுக்கு அதில் ஒரு பகுதியைக் கொடுத்து மலைக்கு அழைத்து வருவார். அந்தப் பணம் கழியும் வரை தொழிலாளி இறங்கிப் போக முடியாது.

அக்காலத்தில் சட்டமும் இம்முறைக்குத் துணை நின்றது. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுச் சென்றவனைச் சிறையில் அடைக்கலாம். தோட்ட முதலாளிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி 1903ஆம் ஆண்டில் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இயற்றப்பட்டது. மத்திய சட்டம் 1920களின் நடுவில் ரத்தாயிற்று. சென்னைச் சட்டமும் அப்பதிற்றாண்டு முடியும் தறுவாயில் ஒழிந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வெளிவந்து, அக்காலத்து வாழ்வைப் பலரும் அறியச் செய்துள்ளது.

கடல் கடந்த இலங்கையிலும் இதே கதை. அங்கே 'துண்டு' என்றொரு முறை இருந்தது. இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத்தார் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பர். வேறு தோட்டத்துக்குப் போக விரும்புகிறவருக்கு அப்புதிய தோட்டத்தார் அத்தொகையைக் கட்டுவர். கடன் மட்டும் தீராது. அது புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறிக்கொள்ளும். 1921ஆம் ஆண்டில்தான் துண்டு முறை அங்கே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்தத் தொழிலாளரின் வழிவந்தோர் பலர், 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பினர். அவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டே 1968ஆம் ஆண்டில் தமிழக அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. பின்னர் 'டான்டீ' என்ற பெயரில் நாம் அறிந்த கழகம் அதுவே.

கூடலூருக்கு அடுத்த வயநாட்டில் வழங்கிய வழக்கத்தையும் குறிப்பிடாமல் இருக்க இயலாது. மானந்தவாடியை அடுத்த வள்ளியூர்க்காவு பகவதி கோவில் திருவிழாவின்போது, பணியர் முதலிய பழங்குடி மக்களை நிலக்கிழார்கள் ஓராண்டு வேலைக்குப் பேசி முடிப்பது வழக்கமாக இருந்தது. அப்பொழுது கைமாறும் சிறு தொகைக்கு 'நிற்புப்பணம்' என்று பெயர். அதை வாங்கியவர் அடுத்த திருவிழா வரை அந்த ஜன்மியிடமே நிற்க வேண்டும்.

சிறைக் கைதி, கங்காணியின் ஆள், துண்டுச் சீட்டு, நிற்புப்பணம் என்று வடிவங்கள் பல. கைதிகளைத் தவிர மற்றெல்லோரையும் கட்டியது முன்பணமே என்பதை அங்கத்தினர் கவனிக்க வேண்டும்.

முன்பணம் தளையாவது எவ்வாறு?

இன்று நம் மலைத்தோட்டங்களில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம், ஒரிஸ்ஸா முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். பெரிய தோட்டங்களில் மட்டுமன்றி, சிறு விவசாயிகளின் நிலங்களிலும் அவர்கள் இலை எடுக்கின்றனர். அவர்கள் வருவதில் தவறேதும் இல்லை. அவர்கள் உழைப்பு நமக்குத் தேவையே. அவர்கள் எந்த நிபந்தனையின் பேரில் வருகிறார்கள் என்பதே கேள்வி. கணக்கு விளங்கும் பொருட்டு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கணவனும் மனைவியும் மேஸ்திரியிடம் ரூ.40,000 முன்பணம் பெற்று மலைக்கு வருகின்றனர். ரயில், பஸ் செலவு ரூ.6,000. ஆகக் கடன் ரூ.46,000. இருவருக்கும் சேர்த்து நாள் ஒன்றுக்கு ரூ.1,000 கூலி, மாதம் 24 நாள் வேலை, வரவு ரூ.24,000. மேஸ்திரி இதில் அரிசி, மளிகைக்கு ரூ.9,000, குடியிருப்பு, மின்சாரம், விறகு வகைக்கு ரூ.3,000, தம் பங்கு பத்து சதவிகிதம் ரூ.2,400, முன்பண வரவு ரூ.4,000 ஆகப் பிடித்தம் செய்கிறார். கையில் நிற்பது ரூ.5,600. எட்டு மாதம் இவ்வாறு நடந்தால் கடனில் ரூ.32,000 கழியும்.

பனியில் கொழுந்து கருகும் காலத்தையும் வெயில் காலத்தையும் சேர்த்து நான்கு மாதம் மந்தம் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது மாதம் பத்து நாளே வேலை, வரவு ரூ.10,000. சாப்பாடும் வாடகையும் குறையா. மேஸ்திரியின் பங்கு ரூ.1,000. மாதந்தோறும் ரூ.3,000 துண்டு விழும். நான்கு மாதத்துக்கு ரூ.12,000 கடனில் ஏறுகிறது. இடையில் ஒரு நோய்க்கு ரூ.8,000 செலவு. வருஷ முடிவில் கடன் ரூ.34,000. ஊரில் ஒரு காரியத்துக்காக மேலும் ரூ.15,000 வாங்கினால் ரூ.49,000. ஒரு வருஷம் முழுவதும் இருவர் உழைத்தும், மலையேறிய நாளில் இருந்த கடனைவிட ரூ.3,000 கூடுதல்!

இந்தக் கணக்கில் சட்டம் ஒப்பாத இனங்கள் எவை என்று பார்ப்போம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலைக்கு வருவதற்கான வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணத்தைக் கூலியில் பிடிக்கக் கூடாது. அந்த ரூ.6,000 தள்ள வேண்டியது. வேலை பிடித்துக் கொடுத்ததற்காக மேஸ்திரி கூலியில் பங்கு எடுப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. அவ்வகையில் வருஷத்துக்கு ரூ.23,200. இரண்டும் சேர்ந்து ரூ.29,200. ரூ.34,000 என்று காட்டிய கடனில் இதைக் கழித்தால் மீதி ரூ.4,800 மட்டுமே. இன்னும் ஒன்று: மொத்தப் பிடித்தம் கூலியில் பாதிக்கு மேற்படக் கூடாது. நம் உதாரணத்தில் ரூ.24,000 கூலியில் பிடித்தம் ரூ.18,400! மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை ஆதலால், தீர வேண்டிய கடன் தீராமல் நிற்கிறது. ஆதார் அட்டையும் வங்கி அட்டையும் அவர் கையில் இருக்குமானால், அக்குடும்பத்துக்கு வேறு விலங்கு தேவையில்லை.

நூலின் வழியே

நெசவாளர் சங்கங்களுக்கு இது மலைக்காரர் பிரச்னை என்று தோன்றலாம். அவ்வாறன்று. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களின் நூற்பு ஆலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் நடந்து வந்ததை நாடறியும். ஏழைப் பெண்களை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக்கொண்டு, ஆலை விடுதியிலேயே தங்க வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை கொடுப்பதாக வாக்களிப்பது இதன் அமைப்பு. இடையில் நின்றால் தொகை போயிற்று. விடுதிக்கு வெளியே தனியே செல்லவும் பெற்றோருடன் தாராளமாகப் பேசவும் தடைகள் இருந்தன. 2011ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு இதைப்பற்றி வெளியிட்ட அறிக்கை, ஐரோப்பிய வியாபாரிகளின் கவனத்தை ஈர்த்தது. இங்கே முன்பணம் தலைகீழாக நிற்கிறது. மற்ற இடங்களில் முதலாளியிடம் வாங்கிய பணம் தொழிலாளியைக் கட்டுகிறது. சுமங்கலித் திட்டத்தில் தொழிலாளிக்குச் சேர வேண்டிய கூலியே முதலாளியின் கையில் தங்கி அவளைக் கட்டுகிறது.

குமாரபாளையம் வட்டாரத்து விசைத்தறிகளில் தொழிலாளி வாங்கும் முன்பணத்துக்குப் 'பாக்கி' என்றே பெயர். ஆள் கிடைக்காத காலத்தில் தொழிலாளியே பாக்கி கேட்டு வாங்குவதும், புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை இழுப்பதும் உண்டு. இலங்கையின் துண்டு முறையை இது நினைவூட்டுகிறதல்லவா? காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில், பெற்றோர் வாங்கிய பணத்துக்காகப் பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தறிமேடையில் அமர்ந்த காலமும் இருந்தது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியது நெசவாளியை இத்தகைய பிடியிலிருந்து விடுவிக்கவே. அச்சங்கத்தின் சிட்ட நூல் ஒரு பெண்ணின் கட்டுண்ட மூன்று ஆண்டுகளிலிருந்து வருமானால், விடுதலை பாதியிலேயே நின்றுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

விறகைப்பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை வருவாய்த்துறை அதிகாரிகள் மீட்டனர். அவர்கள் இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழும் புகைப்படம் அந்நாளில் பத்திரிகைகளில் வெளிவந்தது. தேயிலையை உலர்த்த விறகு எரிக்கும் தொழிற்சாலைகள் அப்படத்தை மறக்கலாகாது. விறகு காண்டிராக்டரிடம் விலையும் எடையும் ஈரமும் கேட்கும் நாம், வெட்டியவர் யார் என்று கேட்பதுண்டா?

வாங்குவோர் கேட்கத் தொடங்கிவிட்டனர்

நாம் கேளாவிடினும் நம் பண்டத்தை வாங்குவோர் இப்பொழுது கேட்கின்றனர். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டப்படி, ஆண்டு விற்பனை 3 கோடியே 60 லட்சம் பவுனும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள், தம் தொழிலிலும் தமக்குச் சரக்கு வரும் வழியிலும் அடிமைத்தனம் இல்லாதிருக்க என்ன செய்தோம் என்று வருஷந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டின் சட்டம் 10 கோடி டாலர் வருமானமுள்ள நிறுவனங்களுக்கு இதே கடமையை விதிக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2024ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் மேலும் கடுமையானது. கட்டாய உழைப்பால் ஆன பண்டம் எதுவும் அங்கே விற்கப்படுவதை 2027 டிசம்பர் 14 முதல் அது தடை செய்யும். குன்னூர் ஏலத்தில் விற்கும் தேயிலையும், ஏற்றுமதியாளர் வாங்கும் துணியும் இச்சட்டங்களின் எல்லைக்குள் சென்று சேரக் கூடியவை.

இவற்றால் மட்டும் நன்மை விளைந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. பிரிட்டிஷ் சட்டத்தின்படி, 'நாங்கள் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை' என்று எழுதினாலும் அறிக்கை செல்லும்! ஆகவே பெரிய கம்பெனி சிறியதிடமும், சிறியது ஏஜெண்டிடமும், ஏஜெண்டு சங்கத்திடமும் ஓர் உறுதிமொழிப் படிவத்தை அனுப்பிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது எளிது. விசாரிக்காமல் இடும் கையெழுத்தால் சங்கத்துக்கு ஆபத்து. தொழிலாளிக்கோ அதனால் யாதொரு பயனும் இல்லை.

பயன் தந்த ஏற்பாட்டுக்கு நம் ராஜ்யத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திண்டுக்கல் ஜில்லாவில் நாச்சி அப்பேரல் என்னும் ஆயத்த ஆடை ஆலையின் பெண் தொழிலாளி ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டதைத் தொடர்ந்து, பெண்களைக் கொண்டு இயங்கும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' ஏற்பட்டது. ஆலையின் உரிமையாளரான கம்பெனியும், அதனிடம் வாங்கும் வெளிநாட்டு வியாபாரிகளும் அதற்குக் கட்டுப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அந்த ஆலைச் சரக்கை நிறுத்தி வைக்க உத்தரவிட்டு, செப்டம்பரில் அவ்வுத்தரவைத் தளர்த்திற்று. ஆலையில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுத் தம் பகுதியில் நடக்கும் கொடுமைகளைக் கண்டு சொல்லும் கண்காணிகளாக அமைந்தது இவ்வொப்பந்தத்தின் சிறப்பு. எப்போதோ வந்து போகும் ஆய்வாளரைவிட, அன்றாடம் பக்கத்தில் நிற்பவருக்கு அதிகம் தெரியும். நானும் ஆய்வாளன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

சங்கம் செய்யத்தக்கவை

நீலகிரியில் முதலாவது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962ஆம் ஆண்டில் குந்தாவில் ஏற்பட்டது. 1965ஆம் ஆண்டில் இணையம் தோன்றியது. இன்று 'இன்ட்கோசர்வ்' என்ற பெயரில் அதன் கீழ்த் தொழிற்சாலைகள் பதினாறு உள்ளன. இவற்றின் அங்கத்தினர்கள் சிறு விவசாயிகள். நெசவாளர் சங்கங்களின் நிலையும் இத்தகையதே. கம்பெனிகளைப்போல் பெரிய அலுவலகங்களை வைத்து விசாரணை செய்ய நம்மால் இயலாது. ஆயினும் கீழ்க்கண்டவற்றை எந்தச் சங்கமும் செய்யலாம்.

1. கூலிப் பட்டுவாடா. தொழிற்சாலையில் காண்டிராக்டு ஆட்கள் இருந்தால், ஒவ்வொருவர் கூலியும் அவரவர் வங்கிக் கணக்குக்கே செல்ல வேண்டும். சங்கப் புத்தகங்களைப் பார்வையிடுகையில், பத்துப் பேர் கூலிக்கு மேஸ்திரி ஒருவரே கையெழுத்திட்டுப் பெற்றிருப்பதைக் காண நேரிடுகிறது. இத்தகைய பதிவு எங்கே இருப்பினும் அது முதல் அபாய அறிவிப்பு.

2. முன்பணப் பதிவேடு. கொடுத்த தொகை, தேதி, மாதந்தோறும் கழித்தது, மீதி ஆகிய நான்கும் தொழிலாளி அறிந்த மொழியில் எழுதிய ஒரு சிறு புத்தகம் அவர் கையிலும் இருக்கட்டும். காண்டிராக்டர் கொடுத்த முன்பணமும் இதில் ஏற வேண்டும்.

3. அடையாள அட்டைகள். ஆதார் முதலிய அட்டைகளைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மேஸ்திரி 'பத்திரமாக' வைத்திருப்பதாகச் சொல்வதை ஏற்கலாகாது.

4. இலை ஏஜெண்டு, விறகு காண்டிராக்டர், நூல் ஆலை. இவர்களோடு செய்யும் ஒப்பந்தத்தில், ஆட்களின் பட்டியலையும் கூலிக் கணக்கையும் சங்கம் கேட்டபோது காட்ட வேண்டும் என்ற ஷரத்தைச் சேர்க்கலாம். நெசவாளர் சங்கங்கள் தனித்தனியே கேட்டால் ஆலைகள் செவிசாய்க்காமல் இருக்கலாம். பல சங்கங்கள் கூடிக் கேட்டால் அவ்வாறிராது.

5. தனியே பேசுதல். நிர்வாகக் குழுவினரில் இருவர், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம், மேஸ்திரி இல்லாத வேளையில் தொழிலாளரின் குடியிருப்புக்குச் சென்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். கடன் எவ்வளவு? நாளை ஊருக்குப் போக விரும்பினால் போகலாமா? பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றனர்? மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. அவர் மேஸ்திரியின் உறவினராக இருத்தல் கூடாது.

அங்கத்தினர் கூறும் ஆட்சேபங்கள்

'முன்பணம் கொடுக்காவிட்டால் ஆளே வராது' என்று அங்கத்தினர் கூறுவர். உண்மையே. முன்பணம் கொடுப்பது மட்டும் குற்றமாகாது. அதற்குக் கணக்கு இருந்து, கூலி குறையாமல், வேலையை விட்டுப் போகும் உரிமையும் இருந்தால் அது கடன். இவற்றுள் ஏதேனும் ஒன்று பறிபோனால் அது கொத்தடிமைத்தனத்தின் வாசல். கடனை மீட்க வேறு வழிகள் உண்டு; மனிதனை ஈடாகப் பிடித்து வைப்பது அவற்றுள் சேராது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 'பச்சை இலைக்குக் கிடைக்கும் விலை பல மாதங்களில் உற்பத்திச் செலவையே ஈடு செய்வதில்லை. நாங்கள் எங்கிருந்து முழுக் கூலி கொடுப்பது?' என்று சிறு விவசாயி கேட்கிறார். வெலிங்டனைச் சுற்றி ஜெகதளா முதலிய ஊர்களில் ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்துள்ளவர்கள் இவ்வாறு கேட்பதில் நியாயம் உண்டு. விலை வீழ்ச்சியின் முழுப் பாரத்தையும் சிறு விவசாயியின் தலையில் சுமத்திவிட்டு அவரைக் குற்றவாளி என்பது முறையாகாது. ஆனால் அப்பாரத்தை அவர் தம்மினும் எளியவர் தலையில் இறக்கி வைப்பதும் முறையாகாது.

இங்கேதான் சங்கத்தின் பொறுப்பு பெரிதாகிறது. தொழிற்சாலை இலைப்பணத்தைத் தாமதம் செய்தால், விவசாயி இலை ஏஜெண்டிடம் முன்பணம் வாங்குகிறார். அதனால் தம் இலையை அவருக்கே கொடுக்கக் கட்டுப்படுகிறார். ஏஜெண்டு ஆட்களையும் கொண்டு வருகிறார்; அந்த ஆட்களுக்கும் முன்பணம். மேலிருந்து கீழ்வரை ஒரே கயிறு. அதன் மேல்நுனி தொழிற்சாலையின் பட்டுவாடாப் புத்தகத்திலே இருக்கிறது. எனவே இலைப்பணத்தைக் குறித்த தேதியில் பட்டுவாடா செய்வதே கொத்தடிமை ஒழிப்பில் சங்கம் செய்யத்தக்க முதற்காரியம் என்பது என் துணிபு. நெசவாளர் சங்கங்களுக்கு, கூலியையும் நூலையும் தவணை தவறாமல் கொடுப்பது இதற்கு நிகரானது. அடுத்தபடியாக, பறிப்புக் கூலிக்கென அங்கத்தினருக்குக் குறுகிய காலக் கடன் கொடுத்து, இலைப்பணத்தில் அதை ஈடு செய்துகொள்ளலாம். தொழிலாளரே தமக்குள் ஒரு தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ளத் துணை செய்தால், மேஸ்திரி எடுக்கும் பங்கு அவர்களிடமே தங்கும்.

கண்டால் செய்ய வேண்டியது

கொத்தடிமை நிலை இருப்பதாக ஐயம் தோன்றினால், காண்டிராக்டரை உடனே நீக்கிவிட்டு 'நம் கை சுத்தம்' என்று இருந்துவிடலாகாது. அவர் ஆட்களை இரவோடிரவாக வேறிடம் கொண்டு போய்விடுவார். அவர்கள் கடனும் கூடவே போகும். ரெவினியூ டிவிஷனல் ஆபீசருக்கோ, ஜில்லா கலெக்டருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஜில்லாவிலும் உட்கோட்டத்திலும் விழிப்புக் குழுக்கள் அமைக்கச் சட்டம் கூறுகிறது. விசாரணையில் உண்மை வெளிப்பட்டால் தொழிலாளிக்கு விடுதலைச் சான்று கிடைக்கும். மத்திய அரசுத் திட்டப்படி, மீட்கப்பட்ட ஆணுக்கு ரூ.1 லட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ.2 லட்சமும், மிகக் கொடிய நிலையிலிருந்து மீண்டவர்களுக்கு ரூ.3 லட்சமும் மறுவாழ்வு உதவி உண்டு. குழந்தைகள் சம்பந்தப்பட்டிருந்தால் 1098 என்ற எண்ணுக்கும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்கும் தொலைபேசியில் தெரிவிக்கலாம். மீண்டு வந்தவர்களுக்கு ஒரு வேலையும், அவசரத் தேவைக்கு ஒரு சிறு கடனும் கிடைக்கச் செய்வதில் சங்கம் முந்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் அடுத்த முன்பணத்தோடு இன்னொரு மேஸ்திரி வந்து நிற்பார்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இவ்விஷயத்தை ஓர் இனமாகச் சேர்க்கும்படி ஒவ்வொரு சங்கத்தின் தலைவரையும் காரியதரிசியையும் கேட்டுக்கொள்கிறேன். முன்பணப் பதிவேடு வைப்பது என்றும், இலைப்பணமும் நெசவுக் கூலியும் குறித்த நாளில் பட்டுவாடா செய்வது என்றும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறினால் போதும். அடுத்த ஆய்வின்போது அப்பதிவேட்டை மேஜைமீது எதிர்பார்ப்பேன்.